ஒருமையும் பன்மையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன்

இலக்கணம் என்றாலே நம் மாணவர்களுக்குக் கசப்பு. அதிலும் ஆங்கில இலக்கணம் என்றால் பாகற்காயை வேப்பெண்ணெயில் வதக்கி வைத்தது போலத்தான். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்துவிட்டு, அறிவியலை ஆங்கிலத்தில் படிக்க இக்கல்லூரியின் படியேறி வந்த நம்மில் பலருக்கு, தாவரத்தின் வேரையும் தண்டையும் விட அவற்றைப் பற்றி எழுதும் வாக்கியத்தின் வேரும் தண்டும்தான் அதிகத் தொல்லை தருகின்றன. அந்தக் கசப்புக்குள்ளே ஒரு சுவையும் இருக்கிறது. அதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. எடுத்துக்கொண்ட பொருள், பெயர்ச்சொல்லின் ஒருமையும் பன்மையும். “ஐந்தாம் வகுப்புப் பாடத்தையா கல்லூரி மலரில் எழுத வந்துவிட்டாய்?” என்று நண்பர்கள் நகைக்கலாம். முழுவதும் படித்துவிட்டு நகைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் ஆங்கில விரிவுரையாளர் ஒரு நாள் வகுப்பு முழுவதையும் பார்த்து ஒரு வினா எழுப்பினார். “இரண்டு என்று எழுதுகிறீர்கள், ஐந்து என்று எழுதுகிறீர்கள். அதற்குப் பின்னால் வரும் பெயருக்கு ஓர் ‘எஸ்’ சேர்க்க மட்டும் உங்களுக்கு ஏன் மனம் வருவதில்லை?” வகுப்பு சிரித்தது. அந்த வினா என் மனத்தில் தங்கிவிட்டது. தமிழ் மாணவன் சோம்பேறித்தனத்தால் ‘எஸ்’ஸை விட்டுவிடுகிறானா? அல்லது அவன் தாய்மொழியிலேயே அதற்கொரு காரணம் இருக்கிறதா? நூலகத்தில் இலக்கண நூல்களைப் புரட்டியபோது விடை கிடைத்தது.

தமிழில் ‘மரம்’ என்பது ஒருமையா, பன்மையா? உடனே ஒருமை என்போம். ஆனால் ‘மரம் வளர்ந்தது’ என்றாலும் சரி, ‘மரம் வளர்ந்தன’ என்றாலும் சரி, இரண்டும் இலக்கணத்துக்கு உட்பட்டவையே. மரம் ஒன்றா பலவா என்பதை வினைமுற்றுதான் காட்டிக் கொடுக்கிறது. இத்தகைய பெயரைப் பவணந்தி முனிவரின் நன்னூல் ‘பால்பகா அஃறிணைப் பெயர்’ என்று அழைக்கிறது. அதாவது, ஒன்றன்பால், பலவின்பால் என்று பிரியாமல் இரண்டுக்கும் பொதுவாக நிற்கும் பெயர். ‘கள்’ என்னும் விகுதியைச் சேர்த்தால் தெளிவு கூடும், சேர்க்காவிட்டாலும் குற்றமில்லை. அதனால்தான் ‘பத்துத் தேங்காய் வாங்கி வா’ என்கிறோம். பத்து என்று சொன்ன பிறகு ‘தேங்காய்கள்’ என்பது நமக்கு மிகையாகப் படுகிறது. ஆங்கிலமோ பத்து என்று சொன்னாலும் நம்பாமல், பெயரின் தலையிலும் ஒரு முத்திரை குத்தச் சொல்கிறது. நம் மாணவன் ‘எஸ்’ஸை விடும்போது அவன் தன் தாய்மொழியின் சிக்கனத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டு போகிறான். காரணம் தெரிந்துவிட்டால் திருத்திக்கொள்வது எளிது. ஆங்கிலத்தில் எண்ணக்கூடிய ஒவ்வொரு பெயரையும் கண்டவுடன் ‘ஒன்றா, பலவா?’ என்று கேட்டுப் பழகவேண்டும். அவ்வளவே.

எங்கள் வீட்டில் வெள்ளாடும் உண்டு, செம்மறியும் உண்டு. அந்தி சாயும் நேரத்தில் என் தந்தையார் பட்டியின் படலைச் சாத்திக்கொண்டே, “ஏழு வெள்ளாடு, அஞ்சு செம்மறி, பன்னெண்டும் வந்துருச்சு” என்பார். பெயரிலும் பன்மை இல்லை, வினையிலும் பன்மை இல்லை. ஆனால் ஓர் ஆடு குறைந்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். அவர் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. எழுத்து வாசனை இல்லாத அவருடைய கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் தங்கைக்கு நான் ஒரு நாள் ஆங்கிலப் பன்மை சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெள்ளாடு ஒன்றானால் ‘கோட்’, பலவானால் ‘கோட்ஸ்’. செம்மறி ஒன்றானாலும் ‘ஷீப்’, பலவானாலும் ‘ஷீப்’. திண்ணையில் படுத்திருந்த தந்தையார் இதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “ஏன் தம்பி, வெள்ளாட்டுக்கு மட்டும் வால் வெச்சாங்க, செம்மறிக்கு ஏன் வெக்கல?” என்றார். நாங்கள் சிரித்தோம். பிறகு யோசித்துப் பார்த்தால், மொழியறிஞர்கள் கேட்கும் கேள்வி அதுவேதான்!

விடை இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் பன்மைக்கு ஒரே வழி இருக்கவில்லை. பெயர்கள் பல கூட்டங்களாகப் பிரிந்து கிடந்தன. ஒரு கூட்டம் ‘எஸ்’ போன்ற ஒலியை ஏற்றது. மற்றொரு கூட்டம் ‘என்’ போன்ற ஒலியை ஏற்றது. இன்னொரு கூட்டம் எதையும் ஏற்காமல் நின்றது. செம்மறியைக் குறிக்கும் ‘ஷீப்’பும் மானைக் குறிக்கும் ‘டீர்’ உம் அந்தக் கடைசிக் கூட்டத்தைச் சேர்ந்தவை. காலப்போக்கில் ‘எஸ்’ கூட்டம் வலுத்து, மற்றவற்றை விழுங்கிவிட்டது. விழுங்கப்படாமல் தப்பிய சிலவற்றைத்தான் நாம் ‘விதிவிலக்கு’ என்று மனப்பாடம் செய்கிறோம். உண்மையில் அவை பழைய விதிகளின் எச்சங்கள். பாறையில் பதிந்த தொல்லுயிர்ப் படிவத்தைப் பார்த்து அழிந்துபோன செடியை நாங்கள் அறிகிறோம் அல்லவா? அதுபோல எருதைக் குறிக்கும் ‘ஆக்ஸ்’ என்பதன் பன்மையாகிய ‘ஆக்ஸன்’ என்பதைப் பார்த்து, அழிந்துபோன ‘என்’ கூட்டத்தை அறிந்துகொள்ளலாம்.

‘ஃபுட்’ என்பது ‘ஃபீட்’ ஆவதும், ‘டூத்’ என்பது ‘டீத்’ ஆவதும், ‘மவுஸ்’ என்பது ‘மைஸ்’ ஆவதும் இத்தகையவையே. மிகப் பழங்காலத்தில் இவற்றின் பன்மை விகுதியில் ஓர் இகர ஒலி இருந்தது. பின்னால் வந்த அந்த இகரம் முன்னே நின்ற உயிரொலியைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு இகரம் தேய்ந்து மறைந்தது. அது இழுத்த சுவடு மட்டும் நின்றுவிட்டது. வெள்ளாடும் முன்பு இந்தக் கூட்டத்தில்தான் இருந்தது. புத்தகமும் அப்படியே. பின்னாளில் இரண்டும் கட்சி மாறி ‘எஸ்’ஸுடன் சேர்ந்துகொண்டன. ஆகவே வெள்ளாட்டுக்கு வால் பிறவியிலேயே வந்ததன்று, பின்னால் முளைத்தது என்று தந்தையாரிடம் சொன்னேன். “அப்படிச் சொல்லு” என்று திருப்தியுடன் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

‘சைல்டு’ என்பதன் பன்மை ‘சில்ரன்’ என்பதில் இன்னும் ஒரு வேடிக்கை உண்டு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பன்மை விகுதிகள் இருக்கின்றன. முதலில் ‘ர’கர ஒலியுள்ள பழைய விகுதி வந்தது. அது பன்மை என்பதை மக்கள் மறந்துபோன பிறகு, ‘என்’ விகுதி மேலும் ஒட்டிக்கொண்டது. இதைக் கண்டு ஆங்கிலேயரை நாம் கேலி செய்ய முடியாது. ‘அவர்’ என்பதே பன்மைதான். அது மரியாதைக்காக ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும், பலரைக் குறிக்க ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். அதுவும் இரட்டைப் பன்மையே! இந்த ‘அவர்’ என்னும் சொல்லைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் அதனிடம் மீண்டும் வரவேண்டியிருக்கும்.

அறிவியல் மாணவர்களுக்குப் பன்மை வெறும் மொழிப்பாடம் அன்று, தொழிற்கருவி. இலைத்துளை ஒன்றானால் ‘ஸ்டோமா’, பலவானால் ‘ஸ்டோமேட்டா’. ‘பாக்டீரியம்’ ஒன்று, ‘பாக்டீரியா’ பல. ‘மைட்டோகாண்ட்ரியன்’ ஒன்று, ‘மைட்டோகாண்ட்ரியா’ பல. ‘ஆல்கா’ பலவானால் ‘ஆல்கே’. ‘ஜீனஸ்’ பலவானால் ‘ஜெனரா’. இவை லத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தபோது தங்கள் ஊர்ப் பன்மையையும் மூட்டை கட்டிக்கொண்டே வந்துவிட்டன. இயற்பியல் நண்பர்கள் ‘பினாமினன்’ ஒன்று, ‘பினாமினா’ பல என்பதை அறிவார்கள். கணித நண்பர்கள் ‘ரேடியஸ்’, ‘ரேடியை’ என்பதை அறிவார்கள். ‘ஸ்பீஷீஸ்’ என்பது ஒன்றானாலும் பலவானாலும் அதுவே. கடைசியில் உள்ள ‘எஸ்’ஸைப் பன்மை என்று நினைத்து நீக்கிவிட்டால் ‘ஸ்பீஷீ’ என்றாகும். ஆங்கிலத்தில் அதற்கு உலோக நாணயம் என்று பொருள்! செடியைத் தேடிப் போனவன் காசைக் கண்டெடுத்த கதையாகிவிடும்.

அப்படி ‘எஸ்’ஸைத் தவறாகப் பிரித்துப் பிறந்த சொல்லும் ஒன்று உண்டு. மரபியலின் தந்தை கிரிகோர் மெண்டல் ஆய்வு செய்த பட்டாணியே அது. ஆங்கிலத்தில் அதன் பழைய பெயர் ‘பீஸ்’. அந்த ஒலி சொல்லின் உடம்போடு சேர்ந்தது, விகுதி அன்று. ஆனால் மக்கள் அதைப் பன்மை என்று எண்ணி, ஒரே ஒரு பட்டாணியைக் குறிக்க ‘பீ’ என்று புதிய ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். இன்று அதுவே சரியான சொல். மெண்டல் 1866-ல் வெளியிட்ட ஆய்வில் உருண்டை விதைகளை 5474 என்றும், சுருங்கிய விதைகளை 1850 என்றும் எண்ணிக் கொடுத்தார். ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. விதைகள் ‘பல’ என்று சொல்லி விட்டுவிடாமல் ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் மரபியல் பிறந்தது.

நாமும் சும்மா இருக்கவில்லை. பேருந்தில் நடத்துநர், “ஒரு லேடீஸ் ஏறுறாங்க, வழி விடுங்க” என்கிறார். ஆங்கிலத்தில் ‘லேடீஸ்’ பன்மை; நமக்கு அது ஒருமை. ‘ஒரு சாக்ஸைக் காணோம்’ என்கிறோம். கடைப்பலகையில் ‘சில்ரன்ஸ்’ என்று மூன்றாம் பன்மையும் சேர்ந்துவிடுகிறது. ஆங்கிலமும் இதே கைவரிசையை நம்மிடம் காட்டியிருக்கிறது. நம் கட்டுமரத்தை எடுத்துக் ‘கட்டமரான்’ ஆக்கி, வால் ஒட்டிக் ‘கட்டமரான்ஸ்’ என்றது. சுருட்டை எடுத்துச் ‘செரூட்ஸ்’ என்றது. வீட்டுக்கு வந்த மருமகள் அந்த வீட்டு வழக்கப்படி சேலை கட்டுவது போல, சொல்லும் புகுந்த வீட்டு இலக்கணத்தை உடுத்திக்கொள்கிறது.

நண்பர்களே, இதுவரை சொன்னவை எல்லாம் எண்ணிக்கையைப் பற்றியவை. ஆனால் தமிழில் ‘ஒருமை’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. தெருவில் இருவர் சண்டையிட்டால், “என்னை ஒருமையில் பேசிவிட்டான்” என்று ஒருவர் கொதிக்கிறார். இலக்கணத்தை அறியாதவரும் இதை அறிவார். நமக்கு ஒருமையும் பன்மையும் எண்ணிக்கை மட்டும் அல்ல, மதிப்பும்கூட.

ஒருவரைப் பன்மையால் கூறும் இவ்வழக்கம் மிகப் பழையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்னும் முதல் இயலிலேயே இது பேசப்படுகிறது. ஒருவரைப் பன்மையாகக் கூறுவது உயர்த்திச் சொல்லும் வழக்கு என்றும், அது இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியர் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார். எனினும், ஒருமை எப்போதும் இழிவு என்றும் கொள்ள முடியாது. தாயை நாம் ‘நீ’ என்கிறோம். கடவுளையும் ‘நீ’ என்றே அழைக்கிறோம். அந்த ஒருமை நெருக்கத்தின் ஒருமை. கொடுப்பவனுக்கும் பெறுபவனுக்கும் இடையே அன்பு இருந்தால் ஒருமை இனிக்கும். அன்பு இல்லாத இடத்தில் அதே ஒருமை சுடும்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இந்த வேறுபாடு இருந்தது. ஒருவருக்கு ‘தௌ’; பலருக்கு ‘யூ’. பின்னர், பெரியவர் ஒருவரையும் ‘யூ’ என்று பன்மையில் அழைப்பது மரியாதை ஆயிற்று. ஏழைகளையும் ஏவலாட்களையும் ‘தௌ’ என்றனர். 17-ஆம் நூற்றாண்டில் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர் இதை ஏற்க மறுத்தனர். கடவுளின் முன் எல்லாரும் சமம் என்றால், செல்வரையும் நீதிபதியையும் ‘தௌ’ என்றே அழைப்போம் என்றனர். அதற்காக ஏச்சும் அடியும் பட்டனர். அவர்களின் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் வேறு இருவருடன் சேர்ந்து 1660-ல் ஒரு நூலே வெளியிட்டார். போதகர்கள் ஒருமையும் பன்மையும் கற்றுக்கொள்வதற்கான பாலபாடம் என்று பொருள்படும் நீண்ட தலைப்பு அதற்கு. ஒருவரை ஒருமையால் கூறுவதே முறை என்று பல மொழிகளின் இலக்கணத்தைக் காட்டி வாதிட்டது அந்நூல். ஆனால் ஆங்கிலம் வேறு வழியில் சென்றது. எல்லாரையும் ‘தௌ’ என்று சொல்வதற்குப் பதிலாக, எல்லாரையும் ‘யூ’ என்று சொல்லத் தொடங்கியது. அரசரும் ‘யூ’, ஆடு மேய்ப்பவரும் ‘யூ’. பன்மை எல்லாருக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது.

சென்ற ஆண்டு ஒரு சான்றிதழுக்காகத் தந்தையாரும் நானும் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தோம். மேசைக்குப் பின்னால் இருந்தவருக்கு முப்பது வயதுக்குமேல் இராது. என் தந்தையாருக்கு ஐம்பத்திரண்டு. “என்னய்யா, என்ன வேணும் உனக்கு? அப்படி ஓரமா நில்லு” என்றார். தந்தையார் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் நிரப்பி வைத்திருந்த ஆங்கில விண்ணப்பத்தை நீட்டினேன். அதைப் புரட்டிப் பார்த்தவர் நிமிர்ந்து, “காலேஜ் படிக்கிறீங்களா தம்பி? நீங்க இப்படி உக்காருங்க” என்றார். இருந்தது ஒரே நாற்காலி. “அப்பா உக்காரட்டுங்க சார், நான் நின்னுக்கிறேன்” என்றேன். அவர் தலையை ஆட்டினார். தந்தையார் உட்காரவில்லை. அந்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்தது.

வரும் வழியில் அதைப் பற்றிப் பேச்செடுத்தேன். “விடு தம்பி. உன்னை ‘நீங்க’ன்னு சொன்னாரு பாரு, அது போதும் எனக்கு” என்றார் தந்தையார்.

அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. ஐம்பத்திரண்டு ஆண்டுகள் உழைத்தவருக்குக் கிடைக்காத பன்மை, ஒன்றரை ஆண்டு கல்லூரிக்கு வந்து போன எனக்கு எப்படிக் கிடைத்தது? நான் கட்டிய கட்டணம் அவருடைய ஆட்டை விற்ற பணம். அப்படியானால் என்னிடம் நீட்டப்பட்ட அந்த ‘நீங்க’வின் உண்மையான உரிமையாளர் யார்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ‘முதல் பட்டதாரி’ என்பது ஒருமைப் பெயர். ஆனால் அந்த ஒருமைக்குள்ளே எத்தனை பேர்! ஆடு மேய்த்தவர், கடலைக் காட்டில் களை வெட்டியவர், வீட்டு வேலையெல்லாம் தானே செய்து எனக்குப் படிக்க நேரம் கொடுத்த தங்கை. தோற்றத்தில் ஒருமை, பொருளில் பன்மை. ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூலில் இத்தகைய பெயர்களுக்குக் கூட்டுப்பெயர் என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. என்னைக் கேட்டால் ‘முதல் பட்டதாரி’ என்பதையும் அப்பட்டியலில் சேர்ப்பேன்.

படிப்பு ஒருவனுக்கு மட்டும் மரியாதையைத் தந்து, அவனைப் பெற்றவர்களை ஓரமாக நிற்க வைக்குமானால், அந்தப் படிப்பு அரைகுறைப் படிப்பே. நம் கல்லூரியில் காவலர் இருக்கிறார்; வகுப்பறையைப் பெருக்கும் அம்மா இருக்கிறார்; சிற்றுண்டிச்சாலையில் நம் எச்சில் குவளையைக் கழுவுபவர் இருக்கிறார். அவர்களும் யாரோ ஒரு மாணவனின் தந்தை, தாய். நம்மில் சிலர் அவர்களை ஒருமையில் ஏவுவதை நாம் எல்லாரும் கேட்டிருக்கிறோம். ‘வாங்க’, ‘சொல்லுங்க’ என்பதற்குக் கூடுதலாக ஓர் அசைதான் வேண்டும். நாளை நம்மில் பலர் மேசைக்குப் பின்னால் அமரப் போகிறோம். அப்போது எதிரே துண்டை இடுக்கிக்கொண்டு வருபவருக்கு அந்த ஓர் அசையைக் கொடுக்கப் போகிறோமா, மாட்டோமா என்பதே நாம் கற்ற இலக்கணத்துக்கு உண்மையான தேர்வு.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ‘வீ’ என்று ஒரே சொல்தான். தமிழில் இரண்டு உண்டு. கேட்பவரை வெளியே நிறுத்தினால் ‘நாங்கள்’. கேட்பவரையும் உள்ளே சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. ‘நாங்கள் படித்தவர்கள்’ என்று சொல்வது எளிது, இலக்கணப்படியும் சரி. ஆனால் எதிரே நிற்பவரையும் சேர்த்து ‘நாம்’ என்று சொல்லும் நாளில்தான் நம் பட்டம் முழுமை பெறும். ஆங்கிலப் பன்மையைப் பிழையின்றி எழுதக் கற்போம். தமிழ்ப் பன்மையைத் தாராளமாக வழங்கவும் கற்போம்.